கரையைக் கடந்தும் கரையாத தாழ்வு மண்டலம்

2020 அக்டோபர் 13 காலை, ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோ மீட்டரை எட்டினால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் ‘புயல்’ என்று அறிவிக்கும், பெயர் சூட்டும். இது அந்த அளவை எட்டவில்லை. பெயரும் இல்லை. நிலத்தில் ஏறியதும் வலுவிழந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

அன்று இரவே ஹைதராபாத் வெள்ளத்தில் மிதந்தது. காக்கிநாடாவிலிருந்து சுமார் 400 கி.மீ. உள்ளே, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருக்கும் நகரம் அது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரின் பேகம்பேட்டில் 19 செ.மீ. மழை பதிவானது. அக்டோபர் மாதத்தில் அதற்கு முன் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை, 1903இல் பதிவான 11.7 செ.மீ.தான். நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள கட்கேசரில் 32 செ.மீ. கொட்டியது. ஹிமாயத் சாகர் அணையின் மதகுகள் திறக்கப்பட, மூசி ஆறு பெருக்கெடுத்தது. பல்லெ செருவு ஏரி பொங்கி, ஃபலக்நுமா பக்கத்துக் காலனிகள் நீருக்குள் போயின. பலர் உயிரிழந்தனர்.

புயலின் உணவு எது?

கடல் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அங்கிருந்து எழும் நீராவிதான் புயலுக்கு உணவு. நீராவி மேலே போய் மேகமாகக் குளிரும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது; அந்த வெப்பம்தான் சுழற்சியை ஓட்டுகிறது. நிலத்தில் ஏறியதும் இந்த உணவு நின்றுபோகிறது. மரங்கள், கட்டடங்கள், குன்றுகள் ஆகியவற்றின் உராய்வால் காற்று தளர்கிறது. மையத்தில் அழுத்தம் ஏறிச் சுழற்சி குலைகிறது.

எவ்வளவு சீக்கிரம் குலையும் என்பதில்தான் கணிப்பாளர்கள் வாதிடுகிறார்கள். உயரமான மலை குறுக்கிட்டால் விரைவில் குலையும். வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும், மேலடுக்குக் காற்று வேறு திசையில் வேகமாக வீசினாலும் அப்படியே. மாறாக, மையம் நிலத்துக்குப் போன பின்னும் சுழற்சியின் ஒரு கை கடல்மீது இருந்தால், அங்கிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும்.

நிலத்தின் ஈரமும் ஒரு காரணம். மழையில் ஊறிய மண்ணிலிருந்து எழும் ஆவி, சில வேளைகளில் ஒரு சிறு கடலைப் போலச் சுழற்சிக்குத் தீனி போடும். இதைப் ‘பழுப்புக் கடல் விளைவு’ என்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதை விரிவாக விளக்கினார்கள். 2020இல் தெலங்கானாவில் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகம். அக்டோபரில் அந்த மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது.

கடலின் வெப்பத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் மையமே ஹைதராபாத்தில்தான் இருக்கிறது. 1999இல் தொடங்கப்பட்ட ‘இன்காய்ஸ்’ என்ற தேசியக் கடல் தகவல் மையம், மேற்பரப்புக்குக் கீழே எவ்வளவு வெப்பம் தேங்கியிருக்கிறது என்பதைக் கணித்துத் தருகிறது. புயல் வலுக்குமா என்ற வாதத்தில் அது முக்கியமான சான்று.

பிழைத்தவையும் மடிந்தவையும்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய ‘கஜா’, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி அரபிக் கடலில் இறங்கி மீண்டும் வலுப்பெற்றது. 2021 செப்டம்பர் 26இல் கலிங்கப்பட்டினம் அருகே கரையைக் கடந்த ‘குலாப்’ வெறும் தாழ்வுப் பகுதியாகத் தேய்ந்தது. ஆனால் அதன் மிச்சம் தெலங்கானா, மகாராஷ்டிரம் வழியே அரபிக் கடலை அடைந்து ‘ஷாஹீன்’ என்ற புதிய பெயருடன் எழுந்து, அக்டோபர் 3இல் ஓமனைத் தாக்கியது. 2020இன் பெயரில்லாத மண்டலமும் அப்படித்தான்: தக்காணத்தைக் கடந்து, அரபிக் கடலில் மீண்டும் தாழ்வு மண்டலமானது.

மறுபக்கம், 2020 டிசம்பரின் ‘புரெவி’. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரம் அருகே நகராமல் நின்று வலுவிழந்தது. புயலாக அது மடிந்தது. ஆனால் அதன் மழை டிசம்பர் 4 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சிதம்பரத்தில் 34 செ.மீ. பெய்தது, நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

எதைக் கேட்க வேண்டும்?

‘வலுவிழந்தது’ என்ற சொல் காற்றைப் பற்றியது; தண்ணீரைப் பற்றியது அல்ல. ஒரு சதுர கிலோ மீட்டரில் 19 செ.மீ. மழை என்றால் 19 கோடி லிட்டர் தண்ணீர். அது எங்கே போகும் என்பதை முடிவுசெய்வது காற்றின் வேகம் அல்ல, ஏரிகளும் வாய்க்கால்களும்தான். ஹைதராபாத் இந்தப் பாடத்தை ஒருமுறை கற்றது. 1908 செப்டம்பர் 28இல் மூசி வெள்ளம் சுமார் 15,000 உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். அதன்பின் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி 1920இல் உஸ்மான் சாகர் அணையும், 1927இல் ஹிமாயத் சாகர் அணையும் எழுந்தன. நூறாண்டில் நகரம் வளர்ந்தது, ஏரிகள் சுருங்கின.

கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்களே, அடுத்த முறை ‘தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தது’ என்ற செய்தி வந்தால் அதோடு வானொலியை அணைத்துவிடாதீர்கள். அது எந்தத் திசையில், எவ்வளவு மெதுவாக நகர்கிறது, நம் ஊருக்கு எத்தனை செ.மீ. மழை என்று கேளுங்கள். பெயரில்லாத ஒன்றும் ஊரை மூழ்கடிக்கும்.