போர்முனையில் பிறந்த மோதிரக் கதை

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டிப் போகும் ராஜகுமாரன் கதை எல்லோருக்கும் தெரியும். போனவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். மாணிக்கக் கல்லைக் கொண்டு வருவான். அல்லது ராஜகுமாரியைக் கொண்டு வருவான்.

ஒரு கதையில் மட்டும் கதாநாயகன் எதையும் கொண்டு வரப் போகவில்லை. கையில் இருப்பதைத் தொலைத்து விட்டு வரப் போகிறான்!

அவன் கையில் இருப்பது ஒரு தங்க மோதிரம். அதைப் போட்டுக் கொண்டால் ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். உலகத்தை அடக்கி ஆளும் சக்தியும் அதற்கு உண்டு. ஆனால் வைத்திருப்பவன் மனத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்து விடும். அதைச் செய்தவன் ஓர் இருள் அரசன். தொலைந்து போன மோதிரத்தை அவன் தேடிக் கொண்டிருக்கிறான். அது அவன் கைக்குப் போனால் உலகமே அடிமை. அதை அழிக்க ஒரே வழிதான். அவனுடைய நாட்டுக்குள்ளேயே போய், அங்குள்ள எரிமலை நெருப்பில் போட வேண்டும்.

போகிறவன் பெரிய வீரன் அல்ல. "ஹாபிட்" என்ற குள்ள இனத்தைச் சேர்ந்தவன். பெயர் பிரோடோ. கடைசி வரை துணைக்கு வருபவன் அவனுடைய தோட்டக்காரன் சாம்.

இதுதான் "தி லார்டு ஆப் தி ரிங்ஸ்" என்ற ஆங்கில நாவல். எழுதியவர் டோல்கீன். உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்ற கதை. இப்போது வெளிவரும் பெரிய பெரிய மாயக் கதைகள் பலவற்றுக்கும் இதுவே முன்னோடி.

கதையில் வரும் மந்திரமும் மாயமும் கற்பனை. அதில் வரும் இருட்டு மட்டும் கற்பனை அல்ல. டோல்கீன் அதைக் கண்ணால் கண்டவர்.

தாய் தந்தை இல்லாத பிள்ளை

டோல்கீன் 1892-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் புளூம்பான்டீன் நகரில் பிறந்தார். தகப்பனார் அங்கே ஒரு பாங்கியில் மானேஜர். பிள்ளைக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக் கொள்ளவில்லை. தாயார் அவரையும் அவர் தம்பியையும் கூட்டிக் கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். தகப்பனார் பின்னால் வருவதாக ஏற்பாடு. அவர் வரவே இல்லை. 1896-ல் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்து விட்டார்.

தாயார் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார். அது பிடிக்காத உறவினர்கள் பண உதவியை நிறுத்தி விட்டார்கள். 1904-ல் தாயாரும் நீரிழிவு நோயால் இறந்தார். இன்சுலின் மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அப்போது டோல்கீனுக்கு வயது 12. பிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார்தான் இரு பிள்ளைகளுக்கும் பாதுகாவலர்.

16 வயதில், தங்கியிருந்த வீட்டில் எடித் என்ற பெண்ணைப் பார்த்தார். அவளும் தாய் தந்தை இல்லாதவள். வயது 19. இருவரும் காதலித்தார்கள். விஷயம் பாதிரியாருக்குத் தெரிந்தது. "21 வயது ஆகும் வரை அந்தப் பெண்ணோடு பேசவும் கூடாது, கடிதம் எழுதவும் கூடாது" என்று கட்டளை போட்டு விட்டார்.

டோல்கீன் கீழ்ப்படிந்தார். 21-வது பிறந்த நாள் வந்தது. நள்ளிரவு மணி 12 அடித்தது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து எடித்துக்குக் கடிதம் எழுதினார்! பதில் வந்தது. அவளுக்கு வேறு ஒருவரோடு நிச்சயம் ஆகி விட்டதாம். டோல்கீன் ரெயில் ஏறிப் போய் அவளைப் பார்த்தார். அன்றே அவள் மனம் மாறியது. முதலில் நிச்சயம் செய்தவருக்கு அவருடைய மோதிரம் திரும்பிப் போயிற்று. (இதுவும் ஒரு மோதிரக் கதைதான்!)

டீ கிளப்

பர்மிங்காம் பள்ளிக்கூடத்தில் டோல்கீனுக்கு மூன்று உயிர்த் தோழர்கள். கில்சன், தலைமை ஆசிரியரின் மகன். ஸ்மித், கவிதை எழுதுபவர். வைஸ்மன், சங்கீதத்திலும் கணக்கிலும் புலி. பள்ளி நூல் நிலையத்தில் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடிப்பார்கள். அதனால் தங்கள் கூட்டத்துக்கு "டீ கிளப்" என்றே பெயர் வைத்துக் கொண்டார்கள். நாம் நால்வரும் உலகத்துக்கு ஏதோ ஒரு பெரிய காரியம் செய்யப் பிறந்தவர்கள் என்பது அவர்கள் எண்ணம். அந்த வயதில் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வைஸ்மன் கடற்படையில் சேர்ந்தார். மற்ற மூவரும் தரைப்படையில் சேர்ந்தார்கள்.

1916 மார்ச் 22-ந் தேதி டோல்கீனுக்கும் எடித்துக்கும் கலியாணம் நடந்தது. ஜூன் மாதம் அவர் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குக் கப்பல் ஏறினார். சிப்பாய்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டுக்கு எழுதக் கூடாது. கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். டோல்கீன் ஒரு தந்திரம் செய்தார். கடிதத்தில் எழுத்துகளின் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார். எடித் புள்ளிகளைக் கூட்டிப் படித்து, கணவர் இருக்கும் இடத்தைச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் குறித்துக் கொள்வார்.

ஒரே நாளில் 19,240 பேர்!

1916 ஜூலை 1-ந் தேதி. பிரான்சில் சோம் நதிப் பகுதியில் ஆங்கிலேயப் படை தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் 19,240 பேர் மாண்டார்கள். காயம் பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57 ஆயிரத்துக்கு மேல்.

மாண்டவர்களில் ஒருவர் கில்சன்.

டோல்கீன் இரண்டு வாரம் கழித்துக் களத்தில் இறங்கினார். செய்தி அனுப்பும் பிரிவில் அவர் அதிகாரி. கொடி, விளக்கு, டெலிபோன், புறா எல்லாவற்றையும் கொண்டு செய்தி அனுப்ப வேண்டும். களத்தில் பார்த்தால் கம்பிகள் அறுந்து கிடந்தன. மரங்கள் கரிக்கட்டையாய் நின்றன. குண்டு விழுந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அதில் பிணங்கள் கிடந்தன.

நான்கு மாதம் அங்கே இருந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. கடைசியில் அவரை வீழ்த்தியது பேன்! பதுங்கு குழிகளில் பேன் கடித்து வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. அது கண்டு, நவம்பர் மாதம் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பேனுக்கு இலக்கியம் கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

தோழர் ஸ்மித் அங்கேயே இருந்தார். நவம்பர் கடைசியில், போர்முனைக்குப் பின்னால் ஒரு சாலையில் நடந்து போனபோது, பக்கத்தில் ஒரு குண்டு வெடித்தது. காயம் சீழ் பிடித்தது. டிசம்பர் 3-ந் தேதி இறந்து விட்டார்.

அவர் அதே ஆண்டு பிப்ரவரியில் டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அன்று இரவு அவர் எதிரிகளின் பக்கம் ரோந்து போக வேண்டியிருந்தது. திரும்பி வருவது நிச்சயம் இல்லை. தான் செத்தாலும் டீ கிளப்பில் ஒருவராவது மிஞ்சுவார் என்பதே தனக்கு ஆறுதல் என்று எழுதினார். தான் சொல்ல நினைத்து முடியாமல் போனதை, தான் இல்லாத காலத்தில் டோல்கீன் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக் கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுப் புத்தகம்

டோல்கீன் நோயாளியாகப் படுத்திருந்தபடியே எழுதத் தொடங்கினார். ஆனால் போரைப் பற்றி எழுதவில்லை. மலைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் ஓர் அழகிய நகரம், "கொண்டோலின்". எதிரிகள் அதைக் கண்டுபிடித்துத் தாக்குகிறார்கள். நெருப்பு கக்கும் இரும்புப் பாம்புகள் மதிலை நோக்கி ஊர்ந்து வருகின்றன. அவற்றின் வயிற்றுக்குள் படை வீரர்கள்! உலகத்திலேயே முதன்முதலாக டாங்கிகள் போருக்கு வந்தது அந்த 1916-ம் ஆண்டில், அதே சோம் களத்தில்தான்.

தோழரையும் அவர் மறக்கவில்லை. ஸ்மித் எழுதிய கவிதைகளைத் திரட்டி 1918-ல் புத்தகமாக வெளியிட்டார்.

பத்து வயது நீதிபதி

பின்னர் டோல்கீன் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். பழைய ஆங்கிலம் அவருடைய பாடம். நான்கு பிள்ளைகள். சம்பளம் போதவில்லை. கோடை விடுமுறையில் மாணவர்களின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக் கூலி வாங்குவார். ஒரு நாள், ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். டோல்கீனுக்குப் பரம சந்தோஷம்! அந்த வெற்றுப் பக்கத்தில், வளையில் குடியிருக்கும் "ஹாபிட்" ஒன்றைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். ஹாபிட் என்றால் என்ன? அவருக்கே அப்போது தெரியாது.

அந்த வரி வளர்ந்து பிள்ளைகளுக்கான கதை ஆயிற்று. கையெழுத்துப் பிரதி லண்டனில் அன்வின் என்ற பதிப்பாளரிடம் போனது. அவர் அதைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். படித்து அபிப்பிராயம் எழுதினால் கூலி ஒரு ஷில்லிங். நல்ல கதை, ஐந்து முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் "பெரிய மனிதர்" தீர்ப்பு எழுதினார்! "ஹாபிட்" 1937 செப்டம்பரில் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 1,500 பிரதிகளும் கிறிஸ்துமசுக்குள் தீர்ந்து விட்டன.

இன்னொரு கதை கேட்டார்கள். டோல்கீன் அந்த டிசம்பரிலேயே தொடங்கினார். முடிக்க 12 ஆண்டு ஆயிற்று! நடுவில் இரண்டாவது உலகப் போர் வந்தது. மகன் கிறிஸ்டபர் விமானப் படையில் சேர்ந்து தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். தகப்பனார் எழுத எழுத, அத்தியாயங்களை மகனுக்குத் தபாலில் அனுப்பினார். தாம் போன வழியில் இப்போது பிள்ளை போகிறான். அந்த ஆண்டுகளில் எழுதியது குழந்தைக் கதையாக எப்படி இருக்கும்?

மோதிரத்தைச் சுமந்து போகும் வழியில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. தண்ணீருக்கு அடியில் இறந்தவர்களின் முகங்கள் தெரிகின்றன. அது சோம் களத்தை ஒட்டியது என்று டோல்கீனே பின்னால் எழுதினார். பட்டாளத்தில் தாம் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல்தான் தோட்டக்காரன் சாம் என்றும் சொன்னார். அவர்கள் தம்மை விட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்பது அவர் கருத்து.

முடிவு இன்னும் விசித்திரம். எரிமலை விளிம்பு வரை போன பிரோடோ, மோதிரத்தைப் போட மறுக்கிறான். தனக்கே வேண்டும் என்கிறான்! அதே மோதிரத்தால் முன்பே கெட்டுப் போன ஒருவன் பாய்ந்து, அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி, தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது. பிரோடோ ஊருக்குத் திரும்புகிறான். ஆனால் பழைய காயங்கள் ஆறவில்லை. சொந்த வீட்டிலேயே அவனால் இருக்க முடியவில்லை. ஒரு நாள் கப்பல் ஏறிப் போய் விடுகிறான். போருக்குப் போய் வந்த பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவை இல்லை.

ஆயிரம் பவுன் நஷ்டம்?

கதை பெரிதாகி விட்டது. காகிதமோ விலை ஏறிக் கிடந்தது. இதற்குள் ஷில்லிங் வாங்கிய ரேனர் வளர்ந்து, தகப்பனாரின் தொழிலுக்கு வந்திருந்தார். இதை வெளியிட்டால் ஆயிரம் பவுன் நஷ்டம் வரலாம், ஆனால் இது மேதையின் படைப்பு என்று தகப்பனாருக்கு எழுதினார். அப்படி நீ நம்பினால் ஆயிரம் பவுன் நஷ்டப்படலாம் என்று பதில் வந்தது. எப்பேர்ப்பட்ட தகப்பனார்!

மூன்று பாகங்களாகப் பிரித்து 1954, 1955-ல் வெளியிட்டார்கள். செலவு திரும்பும் வரை ஆசிரியருக்குக் காசு கிடையாது. பிறகு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம். பாவம், எழுதியவருக்கு ஒன்றும் மிஞ்சாது என்றே தோன்றியது. நடந்தது தலைகீழ்! 1965-ல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு வந்த பிறகு கல்லூரி மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். நடு இரவு மூன்று மணிக்கு டோல்கீன் வீட்டு டெலிபோன் அடிக்கும். எடுத்தால், அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்! அங்கே அப்போது மாலை ஏழு மணி. 1968-ல் டோல்கீன் வேறு ஊருக்குக் குடி போனார். விலாசத்தை யாருக்கும் சொல்லவில்லை.

அவருக்குப் பின் இந்தப் பாதையில் பலர் வந்தார்கள். பெயர் பெற்றவர் ஜார்ஜ் மார்டின். அமெரிக்கத் துறைமுகத் தொழிலாளியின் மகன். 1981-ல் பிரிட்டனுக்குப் போய், ரோமாபுரியார் கட்டிய பழைய மதில் மேல் நின்று பார்த்தார். அந்தக் காலத்துக் காவல்காரன், வடக்கே இருட்டில் என்ன இருக்கிறதோ என்று எப்படிப் பயந்திருப்பான் என்று எண்ணினார். அந்த மதில் அவர் கதையில் 700 அடி உயரப் பனிச் சுவராக மாறியது. முதல் பாகம் 1996-ல் வந்தது. அதிலேயே, கதாநாயகன் என்று வாசகர்கள் நம்பிக் கொண்டிருந்தவரின் தலை உருண்டு விடும்! டோல்கீன் கதையில் நல்லவர்களுக்குக் காயம் ஆறாது. மார்டின் கதையில் நல்லவர்கள் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

எடித் 1971-ல் இறந்தார். டோல்கீன் 1973 செப்டம்பர் 2-ந் தேதி இறந்தார். ஆக்ஸ்போர்டில் இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.

பெட்டி பெட்டியாகக் காகிதங்கள் மிஞ்சின. கிறிஸ்டபர் அவற்றை எடுத்துக் கொண்டு உட்கார்ந்தார். படிக்க முடியாத கையெழுத்து; ஒரே கதைக்கு நான்கைந்து பிரதிகள். நாற்பது ஆண்டுக்கு மேல் அதுவே அவருக்கு வேலை ஆயிற்று. கடைசியாக அவர் வெளியிட்டது, நோய்ப் படுக்கையில் தகப்பனார் எழுதத் தொடங்கிய கொண்டோலின் கதை. அது தனிப் புத்தகமாக வந்தது 2018-ல். மகனுக்கு அப்போது வயது 93.