வங்காநரியும் விவசாயிகளும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் புன்செய்ப் பயிர்களுக்கு எலிகளால் நேரும் நஷ்டத்தை யாவரும் அறிவர். அவ்வெலிகளைக் கூலியின்றி வேட்டையாடும் பிராணிகளுள் வங்காநரியும் ஒன்று.

இது சாதாரண நரியினும் சிறியது. வால் நுனி கறுத்திருக்கும். இந்திய உபகண்டத்திலன்றி வேறெங்கும் இல்லை. வெட்டவெளியில் பல வாயில்களுள்ள வளை தோண்டி ஜோடியாக வசிக்கும். எலி, வெட்டுக்கிளி, கறையான், இலந்தைப்பழம் முதலியன இதன் ஆகாரம். எப்போதேனும் கோழிக்குஞ்சைக் கவர்வதுண்டு; இரவில் கூட்டை அடைத்து வைத்தால் அத்தொல்லை தீரும். மார்கழி, தை மாதங்களில் இணை சேர்ந்து, சுமார் 50 நாட்களில் குட்டிகளை ஈனும்.

இந்நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என நம்பி, அடுத்துள்ள சேலம் ஜில்லா வாழப்பாடிப் பகுதியில், பொங்கல் சமயத்தில் இதை வலை வைத்துப் பிடித்து, ஊரில் ஓடவிட்டுப் பின் விடுவிக்கும் வழக்கம் ஏற்பட்டது. விடுவிப்பினும், இணை சேரும் பருவத்தில் அதனால் விளையும் தீங்கு பெரிது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றமுமாகும். வனத்துறையினர் அபராதம் விதித்துள்ளனர்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவில், வயிற்றில் பையுள்ள ஊனுண்ணியான டாஸ்மேனியப் புலி ஆடுகளைக் கொல்வதாகக் கருதி, அதைக் கொன்றோருக்கு 1888 முதல் 1909 வரை சர்க்கார் வெகுமதி அளித்தது. கூண்டிலிருந்த கடைசிப் பிராணி 1936இல் இறந்தது. அவ்வினம் மீளவில்லை.

ஆதலின் விவசாயிகள் நரி வளைகளை உழுது அழிக்கலாகாது. விஷமுண்டு செத்த எலிகளை ஆழப் புதைத்தல் வேண்டும். நாய்களுக்குத் தடுப்பூசி போடுதல் அவசியம். வலை வைப்போரைக் கண்டால் கிராம அதிகாரிகள் தாமதமின்றி வனத்துறைக்குத் தெரிவிப்பாராக.