அம்மாவின் கைபேசியில் ஒரு முக்கோணம்

காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. 1965 முதல் அங்கிருந்து இலங்கைக்கு மின்சாரம் போகிறது. ஆனால் அந்த மலைகளில் முகடு மறித்தால் பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குக் கைபேசி அலை மெலிந்துதான் வந்து சேரும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகப் பிள்ளைகள் பலருக்குப் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. குறைகளையெல்லாம் சிக்னல் மேலேயே போட்டோம். பாடம் எந்த வடிவில் வந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேத்திரகணிதக் குறிப்பு ஒன்றைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். மேலே முக்கோணம், கீழே விளக்கம். சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் முக்கோணம் மறைகிறது. முக்கோணத்துக்குப் போனால் விளக்கம் மறைகிறது. எந்தக் கோணம் எவ்வளவு என்பதைப் பிள்ளை மனதில் தாங்கியபடியே மேலும் கீழும் அலைய வேண்டும். ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைப்பது ஏறத்தாழ நான்கு விஷயங்களைத்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் கணித்தார். அந்த இடம் அலைச்சலிலேயே நிரம்பிவிட்டால் கணக்குக்கு என்ன மிச்சம்? ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் சகாக்களும் 1980களின் இறுதியிலிருந்தே இதை ஆராய்ந்தார்கள். விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே, உரிய கோணத்தின் அருகில் எழுதினால் மாணவர்கள் எளிதாகக் கற்றார்கள். கல்வி உளவியல் தந்த மிகப் பயனுள்ள பாடங்களில் இதை ஒன்றாக வைப்பேன். செலவும் இல்லை.

இன்னொரு சிக்கல், கருவி யாருடையது என்பது. சிறுவர்களுக்கான கையடக்கக் கணினியை 1972இலேயே கற்பனை செய்த ஆலன் கே, அது பிள்ளையின் சொந்தப் பொருள் என்றே எண்ணினார். இன்றைய கற்றல் செயலிகள் பலவும் அப்படியே நினைக்கின்றன. லயத்திலோ கொழுந்து பறிக்கப் போன அம்மா திரும்பினால்தான் கைபேசி. அதற்கும் அண்ணனும் தங்கையும் போட்டி. செயலியில் ஒரே பயனர் கணக்கில் இருவரும் படித்தால் யார் எதுவரை படித்தார் என்று செயலிக்குத் தெரியாது. இணையம் இல்லாமலே ஒரு சிறு கணினியிலிருந்து சுற்றியுள்ள கருவிகளுக்குப் பாடம் கொடுக்கும் கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் மாணவருக்குத் தனித்தனிக் கணக்குத் தருகிறது. தோட்டப் பாடசாலைகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு இதுவென்றே எனக்குப் படுகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை குறிப்பை அனுப்புமுன் விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். பிறகு வீட்டிலிருக்கும் மிகப் பழைய கைபேசியில் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.