மலை இறங்கும் புல்லட்: பிரேக் பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பெங்களூருவில் இருந்து ஊட்டி சுமார் 270 கிலோ மீட்டர். மைசூரு, குண்டலுபேட்டை, பந்திப்பூர் வழியாகப் போனால் தெப்பக்காட்டில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கூடலூர் வழி. மற்றொன்று மசினகுடி, கல்லட்டி வழி. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் போதும். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் இருந்து புல்லட்டுகள் புறப்பட்டு விடும். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, இரு பக்கமும் பை கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மலை ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் வண்டியின் யோக்கியதை தெரியும். பாதி வழியில் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். மிதித்தாலும் வண்டி நிற்காது. எதிரே பஸ் ஏறி வரும்.

இந்த நிலை வராமல் தடுக்க முடியும். அதற்கு ஆகும் செலவும் அதிகம் இல்லை.

10 லிட்டர் தண்ணீர் கொதிக்கும் சூடு

புல்லட், இரண்டு பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. என்ஜினும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்குக்குத்தான் போகிறது.

டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஷூவில் உள்ள லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடியும் பிடிக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது. டிரம் கோணிப்போகலாம்; விரிசலும் விடலாம்.

சரி, தட்டையான ரோட்டில் நிற்க எவ்வளவு தூரம் தேவை? 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, பிரேக் நன்றாக இருந்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். பிரேக் சுமாராக இருந்தால் 28 மீட்டர் ஆகும். வேகம் 80 ஆனால் இதுவே 36 மீட்டரும் 50 மீட்டரும் ஆகிவிடும். ஆபத்தைக் கண்டு கை லீவரைப் பிடிப்பதற்குள் போகும் தூரம் இதில் சேரவில்லை. 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் வண்டி ஓடிவிடும்.

பழைய புல்லட்டும் புதிய புல்லட்டும்

புல்லட்டின் பிறந்த ஊர் இங்கிலாந்து என்றாலும், வளர்ந்த ஊர் சென்னை திருவொற்றியூர். 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டு இங்கே தயாரிப்பு தொடங்கியது. பல ஆண்டுகள் முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். பழைய 350 புல்லட்டில் முன் சக்கரத்துக்கு 6 அங்குல டிரம். பிறகு 7 அங்குல டிரம் வந்தது. 2009-ல் வந்த கிளாசிக் வண்டியில் முன் சக்கரத்துக்கு 280 மில்லி மீட்டர் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பெங்களூரு தெருக்களில் டிரம் பிரேக் புல்லட்டுகளுக்கு இன்னும் குறைவில்லை. அப்பா ஓட்டிய வண்டியை மகன் பளபளப்பாக்கி ஓட்டுகிறான். பெயிண்டுக்குச் செலவழித்த பணத்தில் கால் பங்கைப் பிரேக்குக்குச் செலவழித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இந்த வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் கால் மாற்றி மிதித்துவிடுவார். மலைக்குப் போகுமுன் ஊருக்குள் சில நாள் ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும்.

டிரம் பிரேக்கைச் சரி செய்வது

டிரம் பிரேக் என்றாலே மோசம் என்று சொல்வது சரியல்ல. கவனிப்பு இல்லாததுதான் பாதிக் குறை.

முதலில் டிரம்மின் உள்பக்கம் வட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் விட்டு விட்டு அதிர்ந்தால் டிரம் கோணலாக இருக்கிறது என்று பொருள். லேத் பட்டறையில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கலாம். சக்கரத்தில் ஸ்போக் எல்லாம் பூட்டி இழுத்துக் கட்டிய பிறகே கடைய வேண்டும். தனி டிரம்மைக் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக் இழுத்தால் மறுபடி கோணும். ஓர் அளவுக்கு மேல் கடைந்த டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது ஷூ. புது ஷூவை மாட்டியவுடன் பிரேக் பிரமாதமாகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. லைனிங்கின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இருந்தால்தான் முழுப்பரப்பும் ஒட்டும். டிரம்மின் உள்ளே சாக்குக்கட்டி தேய்த்து, ஷூவை வைத்துச் சுற்றிப் பார்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரிந்துவிடும். மேடான இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம். லைனிங் கண்ணாடி மாதிரி மின்னினால் அதையும் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அந்தத் தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிரேக் முழுவதும் பிடித்த நிலையில், டிரம் பக்கத்தில் உள்ள சிறு கையும் கேபிளும் செங்கோணத்தில், அதாவது 90 டிகிரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் கை விரலின் பலம் முழுவதும் ஷூவுக்குப் போகும். ஷூ தேயத் தேய இந்தக் கோணம் மாறிவிடும். கேபிள் நட்டை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் லீவர் இறுக்கமாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. இரண்டு ஷூவும் தனித்தனியே தள்ளப்படும் 7 அங்குல டிரம்மில், இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளமும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஷூ வேலை செய்யும், இன்னொன்று வேடிக்கை பார்க்கும்.

கேபிள் பிசிறு விட்டிருந்தால் மாற்றிவிட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது.

டிஸ்க் பிரேக்கில் தண்ணீர்

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? அதுவும் இல்லை. அதில் உள்ள பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் பிரேக்குக்குப் போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். லீவர் பஞ்சுபோல் உள்ளே போவது இதனால்தான்.

எனவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். மூடியில் எந்த ரகம் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் ஆயில். டாட் 4 உடன் அது சேராது. ரப்பர் குழாய் பழசாகி உப்புகிறது என்றால், ஸ்டீல் கம்பி பின்னிய குழாய் ஜே.சி. ரோடு கடைகளில் கிடைக்கும். மாட்டினால் லீவர் கெட்டியாக இருக்கும்.

பள்ளத்துக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. பலமாகப் பிடித்தால் நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதத்தை முன் சக்கரமே செய்கிறது. அப்போது முன் போர்க் அமுங்கும். அடிவரை அமுங்கி முட்டிவிட்டால், அடுத்த மேட்டில் டயர் துள்ளும். துள்ளுகிற டயருக்குப் பிடிப்பு ஏது? ஆக, ஷாக் அப்சார்பர் கெட்டிருந்தால் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயன் இல்லை.

போர்க்கில் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஆயில். இந்த வேறுபாடு தெரியாமல், "முன்னால் ரொம்ப அமுங்குகிறது" என்று சொல்லிக் கெட்டியான ஆயிலை ஊற்றுகிறார்கள். களைத்துப்போன ஸ்பிரிங்குக்கு அது மருந்து ஆகாது. சின்னக் கல்லுக்கும் கை அதிரும். வரிசையாக மேடு வந்தால் போர்க் மேலே எழும்பி வருவதற்குள் அடுத்த அடி விழும். ஸ்பிரிங்கின் நீளத்தைக் கம்பெனி அளவுடன் ஒப்பிட்டு, குட்டையாகி இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆயில் இரண்டு காலிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சீல் கசிந்து முன் பிரேக்கில் ஆயில் இறங்கினால் கதை முடிந்தது.

வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பதை வீட்டிலேயே அளக்கலாம். முன் போர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, சீல் வரை கீழே தள்ளிவிட வேண்டும். வழக்கமான சுமையுடன் மெதுவாக ஏறி உட்கார்ந்து, துள்ளாமல் இறங்க வேண்டும். டை எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ அதுவே அளவு. மொத்த ஆட்டத்தில் கால் பங்கில் இருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். முன் போர்க்கின் ஆட்டம் 130 மில்லி மீட்டர் என்றால் 35 முதல் 40 வரை. இதற்கு அதிகமானால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. ஆட்டமே இல்லையென்றால் போர்க் எங்கோ பிடிக்கிறது.

கிளாசிக் வண்டியில் பின் ஷாக் அப்சார்பருக்குப் படிகள் உண்டு. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறும்போது ஒன்றிரண்டு படி ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். படி ஏற்றினால் ஸ்பிரிங் பலமாகிவிடாது. வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அதுவே பெரிய உதவி. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் ஆகாயத்தைப் பார்க்கும். முன் சக்கரமும் லேசாகிவிடும்.

மூட்டையைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் உயரமாகக் கட்டுவது பெரிய தவறு. கனமான பொருள் தாழ்வாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஹேண்டில் கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், சக்கர பேரிங் இவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு தயாரித்த வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் இருக்கும்.

டிரம் வண்டிக்கு டிஸ்க் மாட்டலாமா?

ஆசை பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைத்தால் இன்சூரன்ஸ் வாங்கும்போது தகராறு வரலாம்.

ஓட்டும் முறை

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்வது. புல்லட்டுக்கும் அதுவே சரி. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் பெட்ரோலுக்கு உயிரைப் பணயம் வைப்பது இது. பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதும் கூடாது. அதுதான் டிரம்மைச் சூடாக்குகிறது. வளைவுக்கு முன் நேரான ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். இடையில் ஆற நேரம் கிடைக்கும். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் தடவை பிடிக்காது. அப்போது மட்டும் சிறிது தூரம் லேசாகப் பிடித்துக் காய வைக்கலாம்.

வெளியூர் வண்டிகள் கல்லட்டி வழியாக இறங்குவதற்குக் கட்டுப்பாடு இருந்து வருகிறது. புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. பந்திப்பூர் காட்டில் 2009 முதல் இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டு 1 முதல் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஓர ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே வரும் 'ஹம்ப்'புகளே ஷாக் அப்சார்பருக்கு முதல் பரீட்சை.

புது ஷூ மாட்டிய வண்டியை நேரே மலைக்கு ஓட்டக்கூடாது. இருநூறு, முந்நூறு கிலோ மீட்டர் ஊருக்குள் ஓடி, ஷூ டிரம்மோடு படிந்த பிறகு, கேபிளை மறுபடி ஒரு முறை சரி செய்துகொண்டு கிளம்பலாம்.