ரூம் வாடகை மிச்சம்தான், ஆனா ஜனவரி சம்பளம் ஏன் குறையுது?



2021 பொங்கலுக்கு நம்மள்ல நிறைய பேர் டிக்கெட்டே போட வேண்டியிருக்கல. ஏன்னா ஏற்கெனவே ஊர்லதான் இருந்தோம். ஹால்ல லேப்டாப், பக்கத்து ரூம்ல தங்கச்சியோட ஆன்லைன் கிளாஸ், மதியம் அம்மா சமையல். "ரூம் வாடகை மிச்சம், ஹோட்டல் செலவு மிச்சம்"னு சந்தோஷமா இருந்தீங்க. சந்தோஷம்தான். ஆனா அந்த ஜனவரியில ஆபீஸ்ல இருந்து "ப்ரூஃப் சப்மிட் பண்ணுங்க"ன்னு மெயில் வந்திருக்குமே, அதைத் திறந்து பார்த்தீங்களா?

ஒரு உதாரணத்தோட பார்க்கலாம். கோலியனூர்ல அப்பா பேர்ல சொந்த வீடு. பையனுக்குச் சென்னையில வேலை. 2020 ஜூன்ல சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்ததும், ரூமைக் காலி பண்ணிட்டு இ-பாஸ் வாங்கி ஊருக்கு வந்துட்டார். வருஷச் சம்பளம் 7,00,000. மாசம் பேசிக் 24,000, எச்.ஆர்.ஏ. 12,000. கொடுத்த வாடகை 9,000.

எச்.ஆர்.ஏ. எவ்வளவு கழியும்?

மூணு தொகையில எது குறைவோ அதுக்குத்தான் வரிவிலக்கு: வாங்கின எச்.ஆர்.ஏ., பேசிக்ல 50% (சென்னைக்கு), வாடகையில இருந்து பேசிக்ல 10% கழிச்ச தொகை. இவருக்கு மூணாவதுதான் குறைவு. 9,000 கழித்தல் 2,400, அதாவது மாசம் 6,600.

ஏப்ரல்ல இவர் 12 மாசத்துக்கும் வாடகை காட்டி டிக்ளரேஷன் கொடுத்திருந்தார். ஆனா கொடுத்தது 3 மாசம்தான். மீதி 9 மாசத்துக்கு வாடகை இல்ல, அதனால விலக்கும் இல்ல. 6,600 × 9 = 59,400 ரூபாய் வருமானத்துல சேர்ந்துடும்.

5 லட்சம்ங்கிற கோடு

"59,400-க்கு என்ன பெரிய வரி வந்துடப் போகுது"ன்னு நினைக்காதீங்க. 2020-21 நிதியாண்டுல, பழைய வரி முறையில, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000, 80சி-யில 90,800 எல்லாம் போக இவரோட வரி வருமானம் முதல்ல 4,80,000. 5 லட்சம் வரைக்கும் 87ஏ ரிபேட் இருந்ததால வரி பூஜ்யம்.

இப்போ அது 5,39,400. கோட்டைத் தாண்டிட்டார், ரிபேட் மொத்தமா போச்சு. முதல் 5 லட்சத்துக்கு 12,500, மேல இருக்கிற 39,400-க்கு 20% அதாவது 7,880, அதுக்கு மேல 4% செஸ். மொத்தம் ஏறக்குறைய 21,200 ரூபாய். இதை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு சம்பளத்துலயும் பிடிச்சா மாசம் 7,000-க்கு மேல போகும். மிச்சமான வாடகையில பெரும்பகுதி அந்த மூணு மாசமும் வரிக்கே போயிடும்.

மார்ச் 31-க்குள்ள என்ன பண்ணலாம்?

இவருக்கு 80சி-யில இன்னும் 59,200 இடம் இருக்கு. பி.பி.எஃப்., இ.எல்.எஸ்.எஸ். மாதிரி எதுலயாவது 39,400 போட்டா வருமானம் திரும்ப 5 லட்சத்துக்கு வந்துடும், வரி பூஜ்யம். உங்க பேர்ல சேமிக்கிற 39,400 ரூபாய், 21,200 ரூபாய் வரியைக் காப்பாத்துது. எஃப்.டி. வட்டி ஏதாவது வந்தா அதையும் கணக்குல சேர்த்துக்குங்க, கொஞ்சம் கூடுதலாவே போடுங்க.

அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தா பழைய வரி முறையில அதுவும் தனியா கழியும். 60 வயசுக்குக் கீழ 25,000 வரை, 60 தாண்டியிருந்தா 50,000 வரை. 60 தாண்டினவங்களுக்கு பாலிசியே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவையே 50,000 வரைக்கும் காட்டலாம். பிரீமியமோ செலவோ, ரொக்கமா கட்டக் கூடாது. இந்த வருஷம் இதைவிட அவசியமான செலவு வேற எது?

அப்பாவுக்கு வாடகை கொடுத்தா?

கொடுக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. வீடு அப்பா பேர்ல இருக்கணும், பணம் நிஜமாவே பேங்க் வழியா போகணும், அது அப்பாவோட வருமானம்னு ஒத்துக்கணும். கோலியனூர்ல 50% இல்ல, 40%. ஆனா இனிமே கொடுக்கிற மாசத்துக்குத்தான் இது. ஜூலையில இருந்து கொடுத்த மாதிரி பழைய தேதி போட்டு ரசீது எழுதாதீங்க. பொய்க் கணக்குன்னு தெரிஞ்சா வரியோட இன்னும் 200% அபராதம்.

கரண்ட் பில்லுலயும் இதே கோடுதான்

வீட்டுல எல்லாரும் நாள் பூரா இருந்தோம். ஃபேன், டிவி, லேப்டாப் எதுவும் நிக்கல. 2021 ஜனவரியில இருந்த ரேட்டுல, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினா பில் 1,130 ரூபாய் வந்துச்சு. 501 ஓடினா 1,786 ரூபாய் 60 பைசா வந்துச்சு! ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய். 500-ஐத் தாண்டினா கீழ இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் மாறிடும், அதான் காரணம். ரீடிங் எடுக்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நீங்களே மீட்டரைப் பாருங்க.

கடைசியா, வீட்டுக்கு எவ்வளவு?

சிலிண்டர் 2020 டிசம்பர்ல மட்டும் ரெண்டு தடவை ஏறி 100 ரூபாய் கூடிடுச்சு. பால், அரிசி, மளிகை எல்லாத்துலயும் ஒரு ஆள் கூடுதல். அப்பாவோட வருமானம் லாக்டவுன்ல குறைஞ்சிருந்தாலும் அம்மா உங்ககிட்ட கேட்க மாட்டாங்க. "நம்ம பிள்ளைக்குச் சோறு போடக் கணக்கா"ன்னுதான் சொல்வாங்க. நீங்கதான் கணக்குப் போடணும்.

கரண்ட் பில்லையும் சிலிண்டரையும் உங்க போன்ல இருந்தே கட்டிடுங்க. அதுபோக மாசம் ஒரு தொகையை அம்மா அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க. பிள்ளை கொடுக்கிற பணத்துக்கு அம்மாவுக்கு வரி கிடையாது. அதை அவங்க டெபாசிட் போட்டு வட்டி வந்தாலும் அது அவங்க வருமானம்தான், உங்க கணக்குல சேராது.

போகிக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, பே ஸ்லிப், வாடகை ரசீது, கரண்ட் கார்டு மூணையும் எடுத்து வெச்சுப் பாருங்க. பழைய வரி முறையில இருந்தா, வரி வருமானம் 5 லட்சத்துக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரி�்சுக்கிட்டு, அதுக்கப்புறம் ப்ரூஃப் அனுப்புங்க.