ஜாங்கோவுக்குத் தெரியாத அடையாள அட்டை

இரத்மலானையில் காலி வீதியோரமாக ஏதாவதொரு போட்டோக்கொப்பிக் கடையில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஆள் மாறி ஆள் வந்து அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருப்பார்கள். சிம் எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க, வேலைக்கு விண்ணப்பிக்க, எதற்கும் அதன் பிரதி வேண்டும். ஆகவே அந்த இலக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது. சுற்றினால் என்ன, அது ஆளைச் சுட்டுகிற இலக்கம்தானே? வில்லங்கம் எங்கே என்றால், சில டியூட்டரிகளும் அலுவலகங்களும் அதையே தங்கள் இணையத்தளத்துக்கு முதல் பாஸ்வேர்டாகக் கொடுத்துவிடுகின்றன. “யூசர்நேம் உங்கட ஈமெயில், பாஸ்வேர்ட் என்.ஐ.சி. நம்பர். பிறகு மாத்திக்கொள்ளுங்கோ.” பிறகு யார் மாற்றுகிறார்கள்?

அந்த இலக்கத்தில் மறைவாக இருப்பது மிகக் கொஞ்சம். 1993 ஏப்ரல் 14இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் 93. அடுத்த மூன்றும் அது வருடத்தின் எத்தனையாவது நாள் என்று சொல்பவை: 31, 29, 31, 14 கூட்டினால் 105. பெண் என்பதால் 500 சேரும், 605. 1993 லீப் வருடம் இல்லையே, பெப்ரவரிக்கு ஏன் 29? அட்டைக் கணக்கில் எந்த வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள்தான். இது தெரியாமல் புரோகிராம் எழுதுகிறவர்கள், சாதாரண வருடங்களில் மார்ச் முதலாம் திகதி தொடக்கம் பிறந்தவர்களை எல்லாம் ஒரு நாள் பிந்திப் பிறக்கவைத்துவிடுவார்கள். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் வருடம் முழுதாக வருகிறதே தவிர, முறை அதேதான்.

ஆக, பேஸ்புக்கில் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தவருக்கு 93605 கிடைத்துவிட்டது. மிச்சம் நான்கு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். எழுத்து அநேகமாக ‘வீ’. அப்படியானால் ஊகிக்க வேண்டியது, கூடிப்போனால் 10,000.

இணையத்தளம் கட்டப் பலரும் எடுக்கும் சட்டகம் ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்து, 2005இல் பொதுவுக்கு வந்தது. லொகின் வேலை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. புதிய புரொஜெக்ட் தொடங்கும்போதே செட்டிங்ஸ் கோப்பில் நான்கு சோதனைகள் எழுதப்பட்டிருக்கும்: எட்டு எழுத்துக்குக் குறையக்கூடாது; எல்லாமே இலக்கமாக இருக்கக்கூடாது; அடிக்கடி பாவிக்கப்படும் 20,000 பாஸ்வேர்டுகளில் ஒன்றாக இருக்கக்கூடாது; யூசர்நேம், பெயர், ஈமெயில் ஆகியவற்றை ஒத்திருக்கக்கூடாது.

பிறந்த திகதியை 19930414 என்று போட்டால் இரண்டாவது சோதனையில் விழும். பழைய அட்டை இலக்கத்தைப் போடுங்கள். பத்து எழுத்து, கடைசியில் ‘வீ’ இருப்பதால் முழுக்க இலக்கமில்லை, பொதுப் பட்டியலில் இல்லை, பெயரையும் ஒக்கவில்லை. நான்கையும் தாண்டிவிடும். நம் ஆட்பதிவுத் திணைக்களத்தைப் பற்றிக் கான்சாஸ்காரர்களுக்கு என்ன தெரியும்?

ஜாங்கோ பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை, அரைத்துத்தான் வைக்கும். 2025 ஏப்ரலில் வந்த 5.2 பதிப்பில் இந்த அரைப்பு 10 இலட்சம் சுற்று. தரவுத்தளம் களவு போனாலும் ஒவ்வோர் ஊகமும் மெதுவாகத்தான் நகரும் என்பது நோக்கம். ஆனால் ஓர் ஊகத்துக்கு அரை விநாடி என்று வைத்தாலும், 10,000க்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். களவே தேவையில்லை என்பதும் உண்மை: தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் ஜாங்கோ தானாகத் தடுக்காது. அதற்குத் தனியாக ஒரு துணைப் பொதி சேர்க்க வேண்டும்.

திருத்தம் பெரிய வேலையில்லை. நான்காவது சோதனை எந்தெந்த விபரங்களோடு ஒப்பிட வேண்டும் என்று நாமே சொல்லலாம். கணக்கில் அட்டை இலக்கத்துக்கு ஒரு புலம் இருந்தால் அந்தப் பட்டியலில் அதையும் சேர்த்துவிட வேண்டியதுதான். பிறந்த திகதியைப் பல வடிவங்களில் பிடிக்க வேண்டுமானால் சொந்தமாக ஒரு சின்னச் சோதனை எழுதலாம்.

இதிலெல்லாம் மோசமான ஓட்டை வேறு. எக்ஸெல் பட்டியலிலிருந்து முந்நூறு மாணவர்களை ஒரே மூச்சில் ஏற்றும்போது, கணக்கு உருவாக்கும் கட்டளை இந்த நான்கு சோதனைகளையும் கூப்பிடுவதே இல்லை. பெரும்பாலும் பாஸ்வேர்ட் போடும், மாற்றும் படிவங்களுக்குத்தான் அவை. டெவலப்பர் தெரிந்துதான் செய்வார் என்று ஜாங்கோ நம்புகிறது. அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

சரி, பாஸ்வேர்டே இல்லாத கணக்காக ஏற்றி, மாற்றும் லிங்கை மட்டும் அனுப்பலாமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு பொறி: பாஸ்வேர்ட் இல்லை என்று குறித்த கணக்குகளுக்கு ஜாங்கோ அந்த மின்னஞ்சலை அனுப்பாது, அனுப்பவில்லை என்று சொல்லவும் சொல்லாது. ஒவ்வொருவருக்கும் எவரும் பார்க்காத, நீளமான, எழுந்தமானமான பாஸ்வேர்டை இயந்திரமே போட்டு ஏற்றிவிட்டு, அதன்பின் லிங்கை அனுப்புவதுதான் வழி. லிங்க் மூன்று நாளில் காலாவதியாகும். மாணவர்கள் மெயில் பார்க்கும் வேகத்துக்கு அது போதாவிட்டால், அதையும் செட்டிங்ஸில் ஒரு வரியில் கூட்டிக்கொள்ளலாம்.