இல்லாத கால்களைத் தேடுங்கள்

கடலில் நெடுநாள் ஊறி நிற்கும் எந்தத் தடியிலும் பழுப்பு நிறத்தில் புதர் புதராக ஏதோ வளர்ந்திருக்கும். பார்வைக்குப் பாசி. ஆனால் அதில் பல ஐதராவின் கடல் உறவினங்கள். கூட்டமாகக் கிளைவிட்டு வாழும் விலங்குகள். அதில் ஒரு பிடியைக் கடல்நீர் நிரப்பிய வெள்ளைக் கோப்பையில் போட்டு, கலக்கம் அடங்கும்வரை காத்திருங்கள். சில கிளைகள் தாமாகவே குனிந்து நிமிரும். அவைதான் எலும்புக்கூட்டு இறால்கள்.

கறிக்கு வாங்கும் இறாலுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. இவை அம்பிபோடா வரிசையைச் சேர்ந்தவை. திமிங்கிலத்தின் தோலில் ஒட்டி வாழும் திமிங்கிலப் பேன்தான் இவற்றுக்குக் கிட்டிய சொந்தம். உடல் ஒரு குச்சி. பெரும்பாலானவை ஓரிரு சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். வயிற்றுப் பகுதி தேய்ந்து ஒரு மொட்டையாகிவிட்டது. பின்கால்களால் கிளையைக் கொளுவிக்கொண்டு, முன்னுடலை வீசி நீரில் வருவதைப் பிடித்துத் தின்னும்.

இப்படி ஒரு விசித்திர உருவம் கிடைத்ததும் அந்த உருவத்திலேயே கண் நின்றுவிடுகிறது. இனங்களைப் பிரித்தறிய உருவம் உதவாது, எல்லாமே குச்சிதான். நிறமும் உதவாது, ஒரே இனத்துக்குள்ளேயே அது மாறும். கைவில்லையின் கீழே முதலில் தேடவேண்டியது, இல்லாமற்போன கால்களை.

உடலை 7 துண்டங்களாக எண்ணுங்கள். முதல் துண்டம் தலையோடு ஒட்டியிருக்கும். முதல் இரண்டிலும் இரை பிடிக்கும் கைகள். 5, 6, 7 ஆகியவற்றில் கொளுவும் கால்கள். நடுவே 3ஆம், 4ஆம் துண்டங்களில் பைபோலத் தொங்குபவை பூக்கள். சந்தையில் மீனின் செவுளை விரித்துப் பார்க்கிறோமே, மூச்சுக்கான அந்த உறுப்புத்தான். அந்தப் பூக்களின் அடியில் கால் உண்டா? கப்ரெல்லா என்ற பெரிய பேரினத்தில் அங்கே கால் அறவே இல்லை. பராகப்ரெல்லாவில் நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் துணுக்குகளாக மிஞ்சியிருக்கும். பிற்றிசிகா என்ற பேரினத்தில் முழுக் கால்களே உண்டு. அதற்கு 2ஆம் துண்டத்திலும் பூ இருக்கும். இந்த ஓரிடத்தை ஒழுங்காகப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஒடிந்து விழுந்த காலை இல்லாத கால் என்று எண்ணிவிடாதிருக்க இரு பக்கமும் பார்க்கவேண்டும்.

அடுத்தது முட்களும் முனைகளும். கப்ரெல்லா ஸ்கௌராவுக்குத் தலையில் முன்னோக்கிய கூரிய முள். கப்ரெல்லா பெனன்டிசுக்கு அதே இடத்தில் குட்டையான முக்கோண முனை, உடலும் தடித்தது. கப்ரெல்லா ஈக்விலிப்ராவின் தலை வழுவழுப்பானது. அதன் முள் உடலின் கீழ்ப்புறத்தில், இரண்டாம் சோடிக் கைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். மல்லாத்திப் பார்க்காதவருக்கு அது அகப்படாது. பராகப்ரெல்லா புசில்லாவின் ஆணுக்கு 2ஆம் துண்டத்தின் முன்-கீழ் ஓரத்தில் முக்கோணமாக ஒரு புடைப்பு.

'ஆணுக்கு' என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். அடையாள நூல்கள் பெரும்பாலும் முதிர்ந்த ஆணை வைத்தே எழுதப்பட்டவை. ஆணின் முன்துண்டங்கள் நீண்டு, இரண்டாம் கை பெருத்து, அதில் பல்லும் முனையும் தெளிவாக இருக்கும். பெண் சிறியது; 3ஆம், 4ஆம் துண்டங்களின் கீழே முட்டைப் பை. குஞ்சுகளோ ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாதவை. ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களென எழுதிவிடுவது இங்கே மிக எளிது. பெண்ணும் குஞ்சும் மட்டும் கிடைத்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

நம் பக்கத்துக் கடலில் இந்த வேலை புதிதல்ல. 1902இல் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னல் உடனிருந்தார். அவர்கள் சேர்த்த எலும்புக்கூட்டு இறால்கள் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடலாய்வு நிலையத்தில் பணியாற்றிய பவுல் மேயரிடம் போயின. அவர் எழுதிய அறிக்கை 1904இல் வெளிவந்தது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் உயிரினங்கள் பற்றி 1927இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட தொகுப்பில், மதராஸ் மீன்வளத்துறையின் பி. சுந்தரராஜ் ஓர் இனத்துக்குச் சூடோகப்ரெல்லினா பாம்பனென்சிஸ் என்று பெயரிட்டார். பாம்பனின் பெயரை உலக நூல்களில் ஏந்தி நிற்கும் உயிர் அது. கப்ரெல்லா ஸ்கௌராவை மொரிசியசிலிருந்து 1836இல் விவரித்த இராணுவ மருத்துவர் ரொபேர்ட் டெம்பிள்டனும் பின்னர் பல ஆண்டுகள் இலங்கையில் பணியாற்றியவர்தான்.

பெயர் சரியாக இருக்கவேண்டியதற்கு ஒரு கனமான காரணம் உண்டு. இவற்றுக்கு நீந்தித் திரியும் குடம்பிப் பருவம் இல்லை. பையிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயைப் போலவே உருவம் கொண்டது. விட்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். ஆகவே தூரம் போகவேண்டுமானால் மிதக்கும் பாசியோ கப்பலின் அடிப்புறமோ வேண்டும். அப்படித்தான் கப்ரெல்லா ஸ்கௌரா 1994இல் இத்தாலியின் வெனிஸ் கடனீரேரியில் அகப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் பல பகுதிகளுக்கும் பரவியது. வடகிழக்கு ஆசியாவின் கப்ரெல்லா மியூட்டிகா 1995இல் நெதர்லாந்திலிருந்து பதிவானது. பராகப்ரெல்லா புசில்லாவை மேயர் 1890இல் பிரேசிலின் ரியோவிலிருந்து விவரித்தார். இன்று இந்தியக் கரையிலும் அது இருக்கிறது. ஓர் இனம் ஊரதா, வந்ததா என்று பேசுவதற்கு முன்பு அது எந்த இனம் என்று தெரியவேண்டும். தலையில் உள்ள முள்ளைத் தவறாகப் படித்தால் அந்தப் பேச்சு முழுவதும் பிழைத்துப்போகும்.

ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று தீவகத்தைச் சூழ்ந்த கடல் ஆழம் குறைந்தது. சாதாழைப் படுகைகள், களங்கண்ணித் தடிகள், இறங்குதுறைத் தூண்கள், அண்மைக் காலத்தில் பெருகிய கடலட்டைப் பண்ணைகளின் வலைகள் என எலும்புக்கூட்டு இறால் பற்றிக்கொள்ளக்கூடிய இடங்கள் கைக்கெட்டும் ஆழத்திலேயே இருக்கின்றன. பண்ணை வலைகள் புதியவை என்பதால் அவற்றில் எது முதலில் குடியேறுகிறது என்பதை இப்போதே பார்த்து வைப்பது முக்கியம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கடற்றொழில் மாணவர்களுக்கும் தீவகப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலை கழுவும்போதும் தடி பிடுங்கும்போதும் ஒட்டியிருக்கும் புதரில் ஒரு பிடி வாங்குங்கள். அதில் உள்ள மிகப் பெரிய ஆண்களைக் கால் ஒடியாமல் எடுத்து எதனோலில் இடுங்கள். போமலினில் இட்டால் பிற்பாடு மரபணு பார்ப்பது கடினம். இடம், திகதி, ஆழம், எதில் பற்றியிருந்தது ஆகிய நான்கையும் பென்சிலால் தாளில் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.